கொட்டாஞ்சேனைப் பாசியும் வெள்ளவத்தைச் சிங்கியும்

கொழும்பு மாநகரிலே தமிழ்க் குரல் கேளாத தெரு அரிது. எனினும், வெளியூரிலிருந்து முதன்முறை வரும் தமிழர் பெரும்பாலும் விசாரிப்பவை இரண்டே இடங்கள். வடக்கே கொட்டாஞ்சேனை, தெற்கே வெள்ளவத்தை. ஒன்று கொழும்பு 13, மற்றது கொழும்பு 6. இரண்டிற்கும் இடையே ஐந்தாறு மைல் தூரந்தான். ஒன்று துறைமுகத்தின் அருகே பாரமூட்டைகளின் ஓசையோடு விழிப்பது. மற்றது கரையோர ரயிலின் ஓசையோடு விழிப்பது. ஒன்றில் பழைய கோயில்களும் தேவாலயங்களும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மற்றதில் மாடி வீடுகள் வானத்தை உரசி எழுகின்றன.

இவ்விரண்டு ஊர்களின் பெயர்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளவத்தை என்றதும் நம்மவர் பலருக்கு வெள்ளம் நினைவுக்கு வரும். வேறு சிலருக்கு வெண்மை நினைவுக்கு வரும். இரண்டும் அன்று. சிங்களத்தில் 'வெல்ல' என்பது மணல். 'வத்த' என்பது தோட்டம். மணல் தோட்டம் என்பதே ஊரின் பொருள். கொட்டாஞ்சேனையை எடுத்துக்கொண்டால், சிங்களத்தில் கொட்டம்பா எனப்படும் நாட்டு வாதுமை மரங்கள் நின்ற சேனை நிலமே அப்பெயர் பெற்றது என்பாரும் உளர். இன்று அங்கே சேனையும் இல்லை, தோப்பும் இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பெயர் ஒன்றாகவும் பொருள் வேறொன்றாகவும் இருக்கும் இந்த நிலை ஊர்களோடு முடிவதில்லை. நம் வீட்டுச் சமையலறைக்குள்ளும் அது புகுந்திருக்கிறது. பாசியல்லாத ஒரு பாசியும், பிறர் பெயரைச் சுமக்கும் ஓர் இறாலும் இந்த நகரத்திலே உண்டு. ஒன்றை அரியது என்கிறோம். மற்றதை எங்கும் உள்ளது என்கிறோம். எது அரியது, எது எளியது என்று நாம் எவ்வாறு தீர்மானிக்கிறோம்? அந்தக் கேள்வியோடு வடக்கிலிருந்து தெற்கே ஒரு முறை நடந்து பார்ப்போமா?

மழைக்குப் பின் ஒரு மதில்

கொட்டாஞ்சேனையைப் பார்க்க உகந்த வேளை, பெருமழை ஓய்ந்த காலைப்பொழுது. கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் நீரில் குளித்தெழுந்த யானைபோல் கருமையாய்ப் பளபளத்து நிற்கும். 1857ஆம் ஆண்டிலே பொன்னம்பல முதலியார் எழுப்பிய ஆலயம் அது. அவருடைய வழித்தோன்றலாகிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு தொடங்கி 1912ஆம் ஆண்டுவரை அதனைக் கருங்கற்றளியாக மீண்டும் கட்டுவித்தார். அங்கிருந்து சில நிமிட நடையிலே புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, குண்டுவெடிப்பின் கொடுமையைக் கண்ட அதே ஆலயம் இன்று மீண்டும் எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி ஏற்றும் இடமாக விளங்குகிறது. அப்பாலே புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் உயர்ந்து தெரியும்.

இப்பெரிய கட்டடங்களைப் பார்த்து வியந்த கண், அடுத்தபடியாகச் சந்துகளின் பழைய மதில்களைப் பார்க்கட்டும். செங்கல் தெரியும் இடமெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பாசி படர்ந்திருக்கும். உண்மையான பாசி அதுவே. அதற்குப் பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. வேர் என்று சொல்லத்தக்க வேரும் இல்லை. மெல்லிய இழைகளால் கல்லைப் பற்றிக்கொண்டு, இலைகளாலேயே நீரை உறிஞ்சி வாழ்கிறது. வெயில் வந்தால் காய்ந்து செத்ததுபோற் கிடக்கும். ஒரு சாரல் விழுந்தால் சில நிமிடங்களில் பசுமை பெற்று எழும். பூவின் மகரந்தத்தினும் நுண்ணிய வித்துத் தூளைக் காற்றில் தூவி இனம் பெருக்கும். இலங்கையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பாசி வகைகளைத் தாவர நூலார் பதிந்திருக்கின்றனர். அவற்றுட் பல மலைநாட்டு மழைக்காடுகளின் ஈரத்தில் ஒளிந்து வாழ்பவை. மதிலின் மேல் நாம் தினமும் காணும் பாசியோ, யாரும் பெயர் கேளாத ஏழை உறவினர்.

தமிழில் பாசி என்ற சொல் தாராள மனம் படைத்தது. மதிலில் படர்வதும் பாசி. குளத்தில் மிதப்பதும் பாசி. கடலில் ஆடுவதும் பாசி. கழுத்தில் அணியும் மணியையும் பாசி என்கிறோம். பயறுக்கும் அப்பெயரைக் கொடுத்திருக்கிறோம். ஆகவே, கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடை ஒன்றிலே ஒரு தாய், "முதலாளி, பாசி இருக்கிறதா?" என்று கேட்டால், "எந்தப் பாசி அம்மா? பயறா, கடற்பாசியா?" என்று திருப்பிக் கேட்பதிலே நியாயம் உண்டு.

கடற்பாசி என்றதும் கடைக்காரர் எடுத்துத் தருவது என்ன? வெளிநாட்டிலிருந்து வந்து, பளபளக்கும் உறையில் அடைபட்ட தூள். அல்லது சீனப்புல் என்று சொல்லப்படும் வெண்ணிற இழைக்கட்டு. நாற்றும் நாருமாய், கடலின் மணம் மாறாத நம் நாட்டுப் பாசியைத் தேடித்தான் காண வேண்டும். இதிலே ஒரு வியப்பு உண்டு. உலக வணிக ஏடுகளிலும் மருந்து நூல்களிலும் ஒருகாலத்தில் இந்த நாட்டின் பெயரையே தாங்கி நின்ற பொருள் அது. 'சிலோன் மொஸ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். இலங்கைப் பாசி என்று பொருள். 'ஜஃப்னா மொஸ்', அதாவது யாழ்ப்பாணப் பாசி, என்றும் அதற்கு ஒரு பெயர் வழங்கியது.

புத்தளத்து வாவியிலே

பெயர் பாசியாயினும், இலங்கைப் பாசி மதிற்பாசியின் சாதியன்று. அது செந்நிறக் கடற்பூண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிராசிலேரியா எடுலிஸ் என்பது விஞ்ஞானிகள் இட்ட பெயர். 'எடுலிஸ்' என்றால் இலத்தீன் மொழியில் உண்ணத்தக்கது. ஆங்கிலேயர் தங்கள் கரையோரத்துச் செந்நிறப் பூண்டொன்றை 'அயர்லாந்துப் பாசி' என்று அழைத்துப் பழகியவர்கள். இங்கு வந்து இதைக் கண்டபோதும் அதே வழக்கில் பாசி என்றே குறித்துவிட்டனர்.

புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே பரந்து கிடக்கும் வாவியே இதன் புகழ்பெற்ற விளைநிலம். யாழ்ப்பாணக் கடலேரியிலும் மன்னார்ப் பகுதியிலும் திருகோணமலைப் பக்கத்திலும் இது விளைகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வாவியைக் கலக்கும்போது பூண்டு பற்று விட்டு மிதக்கும். அதனை அள்ளிப் பாய்களில் பரப்பி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துவார்கள். பின்னர் நல்ல நீரில் பலமுறை கழுவி, மீண்டும் மீண்டும் வெயிலில் இடுவார்கள். கருஞ்சிவப்பாய் வந்த பூண்டு ஒவ்வொரு வெயிலுக்கும் நிறம் இழந்து, கடைசியில் தந்தத்தின் வெண்மையை அடையும். இந்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருந்து நூல்கள் வரிசைப்படி வருணித்திருக்கின்றன.

அந்நூற்றாண்டின் முற்பகுதியிலே கல்கத்தாவில் பணிபுரிந்த வில்லியம் ஓ ஷாக்னசி என்ற அயர்லாந்து வைத்தியர் இதனைச் சோதனைச்சாலையில் பகுத்துப் பார்த்தார். எடையில் பாதிக்கு மேல் தாவரக் கூழ் என்று கண்டார். நோயாளிக்கும் குழந்தைக்கும் ஏற்ற மென்மையான உணவு என்று அது ஐரோப்பாவரை பெயர் பெற்றது. பின்னாளில் இந்தியாவிலே தந்திக் கம்பிகளை நாடெங்கும் நாட்டி வைத்தவரும் இதே வைத்தியர்தான்.

நம் நாட்டு அறிஞர்களும் இப்பூண்டை மறந்துவிடவில்லை. கொழும்பு மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடாக 1961ஆம் ஆண்டில் எம். துரைரத்தினம் எழுதிய இலங்கைக் கடற்பூண்டுகள் பற்றிய ஆராய்ச்சி நூல், இத்துறையில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படும் நூலாகும்.

ஒரு சமையலறை செய்த உதவி

கடற்பாசிக் கூழின் பெருமையை உலகம் அறிந்தது ஓர் இல்லத்தரசியாலே என்பதை நமது வாசக சகோதரிகள் அறிந்தால் மகிழ்வார்கள். 1881ஆம் ஆண்டு. பெர்லின் நகரில் ரொபேர்ட் கொக் என்ற பேரறிஞரின் ஆய்வுக்கூடத்திலே வால்ட்டர் ஹெஸ் என்ற வைத்தியர் நுண்கிருமிகளை வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். எலும்பிலிருந்து எடுத்த ஜெலற்றின் கூழிலே கிருமிகளை விதைப்பார். கோடை வந்ததும் கூழ் உருகி ஓடிவிடும், உழைப்பெல்லாம் வீணாகும். அவருடைய மனைவி ஃபானி ஹெஸ் கேட்டார்: சமையலறையில் நாம் செய்யும் பழக்கூழ் எந்த வெயிலிலும் உருகுவதில்லையே, அதற்குப் போடும் அகார் அகாரை இங்கேயும் போட்டுப் பார்த்தால் என்ன? ஜாவாத் தீவில் வாழ்ந்த ஒல்லாந்தரோடு பழகியதால் அந்த அம்மையார் அறிந்திருந்த கைப்பக்குவம் அது.

போட்டுப் பார்த்தார்கள்; நின்றுவிட்டது. காரணம் எளிது. கடற்பாசிக் கூழ் ஏறக்குறைய 85 பாகைச் சூட்டில்தான் உருகும். ஒருமுறை உருகிய பின் 40 பாகைக்குக் கீழே வந்த பிறகே உறையும். உடற்சூட்டில் வளரும் கிருமிகளுக்கு அதனினும் நல்ல மெத்தை கிடையாது. இன்றும் உலகமெங்கும் மருத்துவமனைகளில் நோய்க்கிருமியை வளர்த்துப் பார்க்கும் வட்டத் தட்டிலே இருப்பது அந்தக் கூழே. ஃபானி அம்மையாருக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. ஆய்வேட்டிலே பெயரும் வரவில்லை.

அதே காரணத்தாலேயே குளிர்ப்பெட்டி இல்லாத காலத்திலும் கொழும்பு வெப்பத்திலே நம் பாட்டிமார் கடற்பாசி உறைய வைத்தனர். நோன்பு மாதத்தில் முஸ்லிம் இல்லங்களில் கஞ்சிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் அருகே கடற்பாசித் தட்டு இல்லாத மாலை அரிது. தேங்காய்ப் பாலில் காய்ச்சுவோர் உண்டு. பன்னீர் சேர்ப்போர் உண்டு. சிவப்பும் பச்சையும் அடுக்கடுக்காய் ஊற்றிச் சிறு கட்டங்களாய் வெட்டுவோரும் உண்டு. எலும்பும் தோலும் சேராத கூழ் ஆகையால் சைவ வீடுகளுக்கும் அது விலக்கன்று. நோன்பு திறக்கும் வேளையில் அண்டை வீட்டிலிருந்து மதிலுக்கு மேலாக நீளும் ஒரு தட்டுக் கடற்பாசி, கொட்டாஞ்சேனையில் எத்தனையோ குடும்பங்களின் நட்புக்குச் சாட்சி.

தெற்கு நோக்கி

இனி வெள்ளவத்தைக்குப் புறப்படுவோம். செட்டியார் தெருவின் நகைக்கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் கடந்து, புறக்கோட்டையின் நெரிசலில் நசுங்கி, கோட்டைக்கு வந்தால் காற்று மாறும். காலிமுகத் திடலிலே கடல் எதிர்ப்படும். அதன் வடபுறத்தில், கடலை நிரப்பி உண்டாக்கிய 269 ஹெக்டேயர் புதுநிலம் துறைமுக நகரமாய் நிற்கிறது. அதற்குத் தெற்கே, கொள்ளுப்பிட்டியும் பம்பலப்பிட்டியும் கடந்து வெள்ளவத்தை வரும்வரை, ரயில் பாதை கடலலை தெறிக்கும் தூரத்திலேயே செல்கிறது. இலங்கையில் சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடிய பேரின்பங்களுள் அந்தப் பயணம் ஒன்று.

வெள்ளவத்தை நிலையத்தில் இறங்கி நின்றால், அலை விலகும் நேரத்தில் கரையோரக் கற்கள் தலை காட்டும். அவற்றின் மேல் பச்சைப் பூண்டு வழுவழுவென்று படர்ந்திருக்கும். தெற்கே நடந்தால், நகரத்தின் நீரையெல்லாம் சுமந்து வரும் கால்வாய் கடலோடு கலக்கும் இடம். கிழக்கே திரும்பினால் காலி வீதி. சேலைக் கடைகள், சைவ உணவுச்சாலைகள், இராமகிருஷ்ண மிஷன், சந்தை. சந்தையில் மீன் பகுதிக்குப் போனால் அறக்குளாவும் விளைமீனும் பாரையும் வரிசையாய்க் கிடக்கும். எல்லா நாளும் அன்று, சில நாட்களிலே, ஒரு கூடையில் ஈரச் சாக்குக்கு அடியில் ஏதோ 'கிறீச்' என்று முனகும். "ஐயா, சிங்கி வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று வியாபாரி குரலைத் தாழ்த்திக் கேட்பார். விலையைச் சொல்லும்போது இன்னும் தாழ்த்துவார்!

கொடுக்கு இல்லாத சிங்கி

சிங்கி இறால் என்று நாம் அழைக்கும் இந்த உயிரை ஆங்கிலத்தில் 'லொப்ஸ்டர்' என்பார்கள். தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய தேசங்களில் இதன் இனத்தையே 'கிறேபிஷ்' என்றும் சொல்வார்கள். ஆனால் உண்மையான கிறேபிஷ் நன்னீரில் வாழ்வது. கத்தரிக்கோல் போன்ற இரு பெருங்கொடுக்குகள் உடையது. நம் சிங்கிக்குக் கொடுக்கே கிடையாது. அதற்குரிய ஆயுதங்கள் முள் நிறைந்த ஓடும், உடலினும் நீண்ட இரண்டு உணர்கொம்புகளுமே. அக்கொம்புகளின் அடியை உரசியே அது முனகுகிறது. வயலினை வில்லால் உரசுவது போன்ற வித்தை. ஆக, பாசி பாசியன்று; கிறேபிஷும் கிறேபிஷன்று!

இலங்கைக் கடலில் சிங்கி இனங்கள் ஆறு உண்டு. அவற்றுள் மிகுதியாய்ப் பிடிபடுவது பனூலிரஸ் ஹோமாரஸ் என்ற இனம். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே அதற்குப் பெயரிட்டார். தங்காலை, அம்பாந்தோட்டை, கிரிந்தை முதலிய தென்கரைப் பாறைகளில் வலை விரித்துப் பிடிக்கிறார்கள். கிழக்கு ஆபிரிக்கா முதல் ஜப்பான்வரை பரந்து வாழும் பொதுவான இனம் அது. அரிய உயிர்களின் பட்டியலிலே அதற்கு இடம் இல்லை.

தாய்ச் சிங்கி இலட்சக்கணக்கான முட்டைகளை வாலின் அடியிலே செம்மஞ்சள் குலையாய்ச் சுமந்து திரியும். பொரித்து வெளிவரும் குஞ்சு தாயைப்போல் இராது. கண்ணாடியில் வெட்டிய மெல்லிய இலைபோல் இருக்கும். கடலின் ஓட்டத்தோடு பல மாதங்கள் மிதந்து, பலமுறை தோலுரித்த பிறகே சிங்கி வடிவம் பெற்றுப் பாறையைத் தேடி வரும். தென்கரையில் பிறந்த குஞ்சு எந்தக் கரையில் வந்து இறங்கும் என்று யார் சொல்ல வல்லார்? இலட்சத்தில் மிகச் சிலவே அவ்வளவு தூரம் பிழைக்கின்றன.

இதனை உணர்ந்தே அரசாங்கம் சட்டம் இயற்றியிருக்கிறது. பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் ஆகிய மூன்று மாதங்களிலும் சிங்கி பிடிப்பது விலக்கு. முட்டை சுமக்கும் தாயையும், ஓடு கழற்றி மென்மையாய் இருப்பதையும் எந்த மாதத்திலும் பிடிக்கலாகாது. விலை உயர்ந்த பொருளுக்குக் காவலும் உயர்ந்தது.

நன்னீர்க் கதை

அப்படியானால் உண்மைக் கிறேபிஷ் நம் ஆறுகளில் எங்கே? இயற்கையில் இல்லவே இல்லை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உரிய கிறேபிஷ் இனம் ஒன்றுகூடக் கிடையாது. அதன் இடத்தை இங்கே நன்னீர் நண்டுகள் வகிக்கின்றன. இந்தச் சிறு தீவில் 51 நன்னீர் நண்டு இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் 50 உலகில் வேறெங்கும் இல்லாதவை. பாதிக்கு மேற்பட்டவை அழியும் அபாயத்தில் உள்ளன. அரியது என்ற சொல்லுக்கு உண்மையிலேயே உரியவை அவை. ஆனால், ஓடைக்கரையில் கல்லின் அடியிலே ஒளியும் அந்த ஏழைகளை விருந்து மேசையும் கேட்பதில்லை, சந்தையும் கேட்பதில்லை.

உண்மைக் கிறேபிஷ் எவ்வளவு எளிதிற் பல்கும் என்பதற்கு மடகாஸ்கர் தீவு பாடம் சொல்கிறது. 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஜேர்மனியிலே அழகுக்காக மீன்தொட்டியில் வளர்த்த கிறேபிஷ்களிடையே ஒரு புதுமை தோன்றியது. ஆண் துணை இல்லாமலே முட்டையிடும் பெண். முட்டைகள் அனைத்தும் பெண்கள். அத்தனையும் தாயின் அச்சுப் பிரதிகள். பளிங்குக் கிறேபிஷ் என்று அழைக்கப்பட்ட அதற்கு 2017ஆம் ஆண்டில் 'கன்னி' என்று பொருள்படும் விஞ்ஞானப் பெயர் சூட்டினர். யாரோ மடகாஸ்கருக்குக் கொண்டு சென்ற அது, 2007 முதல் 2017 வரையான பத்தே ஆண்டுகளில் அங்கு தான் பரவிய நிலப்பரப்பை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கிக்கொண்டது. அத்தீவுக்கே உரிய பழைய கிறேபிஷ் இனங்களுக்கு அது இன்று அச்சுறுத்தல். நம் நண்டுகளைப் போலவே அவையும் ஒரு தீவை விட்டால் வேறு போக்கிடம் அற்றவை.

மீன்தொட்டி வைத்திருக்கும் இளைஞர்கள் வெள்ளவத்தையில் பலர். வளர்த்து அலுத்த உயிரைக் கொல்ல மனமில்லாமல் கால்வாயில் விடுவது இரக்கம்போல் தோன்றும். அந்த ஒரு கை நீரிலிருந்து ஒரு தீவின் கதையே மாறக்கூடும் என்பதை அவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

எது அரியது?

இப்போது கடற்பாசியையும் சிங்கியையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒரே கடலின் பிள்ளைகள். இரண்டும் இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் வாழ்பவை. எண்ணிக்கையில் இரண்டுமே அரியவை அல்ல. ஒன்று வெயிலில் கிடந்து வெளுக்கும். மற்றது நெருப்பில் வெந்து சிவக்கும். ஒன்றை ஒரு துண்டு கிள்ளிப் போட்டாலும் மீண்டும் தழைக்கும். மற்றது முழுமை பெற ஆண்டுகள் வேண்டும். ஒன்று பாயில் உலர்ந்து, பாட்டியின் கைப்பக்குவத்தால் பெருமை பெற்றது. மற்றது ஹோட்டல் மேசையில் எலுமிச்சைத் துண்டோடு பெருமை பெற்றது.

அரியது எளியது என்று நாம் பிரித்தது கடலைப் பார்த்தா? இல்லை. பணப்பையைப் பார்த்தே. பொதுவான சிங்கியை விலை அரியதாக்கியது. பொதுவான பாசியை மறதி அரியதாக்கியது. விலையால் அரியதானதற்குச் சட்டம் காவல் நிற்கிறது. மறதியால் அரியதானதற்குக் காவல் நிற்பது யார்?

இதற்கு விடை பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வருகிறது. பாம்பன் தீவின் சின்னப்பாலம் முதலிய ஊர்களிலே கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் தமிழ்ப் பெண்கள் இருக்கின்றனர். நாம் இலங்கைப் பாசி என்பதை அங்கே கஞ்சிப்பாசி என்பார்கள். கரையோர மக்கள் அதைக் கஞ்சி காய்ச்சிக் குடித்த காலத்தின் நினைவு அந்தப் பெயரிலே தங்கியிருக்கிறது. கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறைக்குப் பாறை மூழ்கி எடுப்பது அவர்கள் தொழில். 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட பின்னர், எடுக்கும் உரிமை பற்றி வழக்கும் வாதமும் எழுந்தன. அப்பெண்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே ஒரு விதி செய்துகொண்டனர்: மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையாலேயே பறிப்பது. மற்ற நாட்களெல்லாம் பாசி தழைக்கும் நாட்கள். அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் இதைக் கற்பிக்கவில்லை. வயிறு கற்பித்தது, நாளையும் அங்கே பாசி வேண்டும் என்ற எண்ணம் கற்பித்தது.

சிங்கிக்குச் சட்டம் வகுத்தது மூன்று மாத ஓய்வு. பாசிக்கு அப்பெண்கள் வகுத்தது மாதந்தோறும் பதினெட்டு நாள் ஓய்வு. எது பெரிய காவல் என்று வாசகர்களே எடை போடலாம்.

சிங்கியின் காவலிலும் நமக்குப் பங்கு இல்லாமற் போகவில்லை. தடை மாதங்களில் சந்தைக்கூடையில் சிங்கி முனகினால், அதை வாங்காது விடும் கையே சட்டத்துக்குக் கை. வாலின் அடியில் முட்டைக் குலை தெரிந்தால், எவ்வளவு மலிவாயினும் தலையசைத்து அப்பாற் செல்வோமாக. அங்கே கிடப்பது ஒரு சிங்கியன்று. வருங்காலக் கடலின் ஒரு பங்கு.

பாசிக்கோ, அதை அறிந்தோர் மறவாதிருத்தலே முதற்காவல். புத்தளத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ உறவினர் வரும்போது, பனாட்டும் கருவாடும் கேட்பதுபோல் ஒரு பிடி உலர்ந்த கடற்பாசியும் கேட்டுப் பார்க்கலாம். அதைக் கழுவி, நீரில் ஊறவைத்து, மெல்லிய தீயில் கரையும்வரை காய்ச்சி, துணியில் வடித்து, பாலும் சீனியும் சேர்த்துத் தட்டில் ஊற்றுங்கள். கடைத்தூளின் இறுக்கம் அதில் சற்றுக் குறைவாய் இருக்கும், பொறுமையோடு ஆறவிடுங்கள். உறைந்ததும், இது எங்கே விளைகிறது, யார் அள்ளுகிறார்கள், ஏன் கொழும்பு வெயிலிலும் உருகாமல் நிற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஃபானி அம்மையாரின் கதையையும் சொல்லுங்கள். சமையலறையில் இருப்பவருக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது என்பதைப் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஒருங்கே அறியட்டும்.

கொட்டாஞ்சேனையின் தட்டுக் கடற்பாசியும் வெள்ளவத்தையின் கூடைச் சிங்கியும் ஒரே கடலிலிருந்து வந்த விருந்தாளிகள். ஒருவருக்கு அரியாசனமும் மற்றவருக்குத் திண்ணையும் இட்டவர் நாமே. இருவரும் மீண்டும் மீண்டும் வரவேண்டுமானால், அவர்கள் வருகின்ற வாசலாகிய கடலையும் வாவியையும் பெருக்கித் துப்புரவாய் வைத்திருப்பதும் நம் வீட்டு வேலையே ஆகும்.